சிண்டி கேம்பல் வைத்த பார்ட்டியும் ஹிப்-ஹாப்பில் பெண்களின் இடமும்

கேள்வி இது: “ஹிப்-ஹாப் ஆண்கள் உருவாக்கிய இசை. நிக்கி மினாஜ், கார்டி பி மாதிரி சமீபத்தில் வந்த சிலரை விட்டால், அதன் வரலாற்றில் பெண்கள் சொல்லிக்கொள்ளும்படி என்ன செய்திருக்கிறார்கள்?”

இப்படிக் கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஹிப்-ஹாப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஆவணப்படங்களும் ‘டாப் 10’ பட்டியல்களும் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களாலேயே நிரம்பியிருக்கின்றன. ஆனால் நடந்தவற்றை ஆண்டு வாரியாக எடுத்து வைத்துப் பாருங்கள். இந்த இசை தெருவிலிருந்து இசைத்தட்டுக்குப் போனபோதும், கொண்டாட்டப் பாட்டிலிருந்து ஏழ்மையைப் பேசும் பாட்டுக்குப் போனபோதும் அந்த முடிவை எடுத்தவர் ஒரு பெண். “பெண்களும் பங்களித்தார்கள்” என்று சொல்வதுகூடப் போதாது என்பது என் கருத்து. அவர்களை எடுத்துவிட்டால் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ. ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக உலகம் கொண்டாடும் நாள். அன்று இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் டி.ஜே. கூல் ஹெர்க் என்பது ஹிப்-ஹாப் கேட்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பார்ட்டியை நடத்தியவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பல். ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பள்ளி திறக்கும் நேரம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாங்கும் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு போக சிண்டிக்கு மனமில்லை. டெலான்சி தெருவுக்குப் போய்ப் புதிதாக வாங்கப் பணம் வேண்டியிருந்தது. குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையை வாடகைக்கு எடுத்தார். அட்டைகளில் கையால் எழுதி அழைப்பு கொடுத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று கட்டணம் வைத்தார். பாட்டுப் போட அண்ணனைக் கூப்பிட்டார். பெண்கள் திரண்டு வந்தால் பையன்கள் தானாக வருவார்கள் என்ற கணக்கு அந்தப் பாதிக் கட்டணத்தில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இடம் பிடித்தது, ஆள் சேர்த்தது, பணம் பார்த்தது எல்லாம் ஒரு பள்ளி மாணவி.

அடுத்த சில ஆண்டுகள் ஹிப்-ஹாப் பூங்காக்களிலும் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களிலும்தான் வாழ்ந்தது. இசைத்தட்டு கிடையாது. நிகழ்ச்சியில் யாராவது கேசட்டில் பதிவு செய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்தக் காலத்துப் பெண்கள் வரலாற்றிலிருந்து நழுவியதற்கு இதுவும் ஒரு காரணம். மெர்சிடிஸ் லேடீஸ் என்று பிராங்ஸில் பெண்களே சேர்ந்து நடத்திய குழு ஒன்று இருந்தது. டி.ஜே.யும் பெண், மைக்கில் ராப் செய்யும் எம்.சி.க்களும் பெண்கள். நேரில் பார்த்தவர்கள் இன்றும் அவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். புதிதாகத் தேடுபவர் கையில் கிடைக்கும் பதிவோ மிகக் குறைவு.

ஷா-ராக் விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். ஃபங்கி 4 பிளஸ் 1 என்ற குழுவில் அந்த ‘பிளஸ் 1’ அவர்தான். பெயரைப் பார்த்தால் நான்கு ஆண்களோடு ஒட்டுப் போட்ட ஒருத்தி என்று தோன்றும். 1980ல் வந்த ‘தட்ஸ் த ஜாயின்ட்’ பாட்டைக் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும். ஐந்து பேரும் வரியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பாடும்போது ஷா-ராக் முறை வந்ததும் பாட்டே நிமிர்ந்து உட்காரும். ரன்-டிஎம்சி என்ற புகழ்பெற்ற ராப் குழுவின் டிஎம்சி, ஷா-ராக் குரல் பதிவான ஒரு கேசட் தன் பாணிக்கு உந்துதலாக இருந்தது என்று சொல்லியிருக்கிறார். 1981 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் இந்தக் குழு மேடையேறியது. தேசிய அளவிலான தொலைக்காட்சியில் ஒரு ராப் குழு நிகழ்ச்சி கொடுத்தது அதுவே முதல் முறை என்று சொல்லப்படுகிறது. குழுவை அங்கே அழைத்து வந்தவரும் ஒரு பெண்: அன்று தொகுத்து வழங்கிய பிளாண்டி இசைக்குழுவின் பாடகி டெபி ஹாரி.

இனி சில்வியா ராபின்சன். ஹிப்-ஹாப்பின் போக்கை மாற்றியவர்களில் ஒரே ஒருவரைச் சொல் என்று கேட்டால், ஆண் பெண் என்ற பேச்சே இல்லாமல், நான் இவர் பெயரைச் சொல்வேன். 1950களில் மிக்கி அண்ட் சில்வியா என்ற ஜோடியில் பாடிப் புகழ்பெற்றவர். 1973ல் ‘பில்லோ டாக்’ என்று இன்னொருவருடன் சேர்ந்து எழுதித் தானே பாடிய பாட்டு பெரிய ஹிட். கணவருடன் சேர்ந்து நியூ ஜெர்சியின் எங்கிள்வுட்டில் இசை நிறுவனம் நடத்தினார். 1970களின் இறுதியில் அந்த நிறுவனம் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. 1979ல் நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு கிளப்பில், தட்டு சுழலும்போது ஒருவர் மைக்கில் எதுகையோடு பேசிக் கூட்டத்தை ஆட்டிவைப்பதைப் பார்த்தார். இதைத் தட்டில் ஏற்றினால் விற்கும் என்று அவருக்குப் பட்டது.

இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். அன்று பிராங்ஸின் பெரிய எம்.சி.க்களுக்கே ராப் ஒரு இசைத்தட்டாகும் என்ற நினைப்பு இல்லை. ராப் ஒரு இரவின் அனுபவம். வீட்டுக்கு எடுத்துப் போக அதில் என்ன இருக்கிறது? சில்வியா தன் ஊரிலேயே மூன்று பையன்களைப் பிடித்தார். ஒருவர் பீட்சா கடையில் வேலை பார்த்தவர். தேர்வு நடந்தது காருக்குள். ‘குட் டைம்ஸ்’ என்ற ஷீக் குழுவின் டிஸ்கோ பாட்டின் தாளத்தை வாத்தியக்காரர்களை வைத்து வாசிக்கச் செய்து, அதன்மேல் மூவரையும் 14 நிமிடத்துக்கு மேல் பேசவைத்தார். ‘ராப்பர்ஸ் டிலைட்’ பிறந்தது. ஷுகர்ஹில் கேங் என்ற பெயரும் ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளும், அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனமும், அவர் உருவாக்கியவை. அமெரிக்காவின் டாப் 40 பட்டியலுக்குள் அந்தப் பாட்டு நுழைந்தது. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் ராப் பாட்டு விற்காது என்று சொல்ல முடியவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து அதைவிடப் பெரிய காரியம் செய்தார். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் த ஃபியூரியஸ் ஃபைவ் அவருடைய லேபிளில் இருந்த குழு. அவருடைய லேபிளில் வாசித்த எட் ஃபிளெட்சர், சேரி வாழ்க்கையைப் பற்றி ஒரு பாட்டு எழுதிக் கொண்டுவந்தார். கண்ணாடித் துண்டு சிதறிக் கிடக்கும் தெரு, எலி, கரப்பான், தப்பிக்க வழியில்லாத வறுமை. குழுவுக்குப் பிடிக்கவில்லை. பார்ட்டிக்கு வருகிறவன் தன் கஷ்டத்தையே கேட்கவா வருவான் என்பது அவர்கள் வாதம். சில்வியா விடவில்லை. கடைசியில் மெல்லி மெல் மட்டும் சம்மதித்து, ஃபிளெட்சருடன் சேர்ந்து பாடினார். குழுவின் பெயர் அட்டையில் இருந்தாலும் ஃபிளாஷுக்கு அந்தப் பதிவில் பங்கே இல்லை. அதுதான் 1982ல் வந்த ‘த மெசேஜ்’. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2002ல் தேசிய ஒலிப்பதிவுக் காப்பகத்தைத் தொடங்கியபோது, முதல் தொகுதியிலேயே இடம்பிடித்த ஹிப்-ஹாப் பதிவு இது. பப்ளிக் எனிமியிலிருந்து கென்ட்ரிக் லமார் வரை சமூகத்தைப் பேசும் ராப் முழுவதும் இந்தக் கதவு வழியாக வந்ததுதான்.

சில்வியாவைப் புனிதராக்க வேண்டியதில்லை. ‘ராப்பர்ஸ் டிலைட்’டில் ஒருவர் பாடும் வரிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை, அவருக்குப் பெயரும் கிடைக்கவில்லை, காசும் கிடைக்கவில்லை. ராயல்டி ஒழுங்காக வரவில்லை என்று அந்த லேபிளின் கலைஞர்கள் பலர் குமுறியிருக்கிறார்கள், ஃபிளாஷ் நீதிமன்றம் வரை போனார். இந்தக் குற்றச்சாட்டுகளைக் கழித்துவிடாமல் வைத்துப் பார்த்தாலும் அந்த இரண்டு முடிவுகளின் கனம் குறையாது. 2011ல் அவர் மறைந்தார். இசையுலகின் பெரிய பெயர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2022ல்.

அவர் லேபிளிலிருந்தே 1979ல் இன்னொரு தட்டு வந்தது: ‘ஃபங்க் யூ அப்’. பாடியது த சீக்வென்ஸ் என்ற மூன்று பெண்கள், தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா ஊர்க்காரர்கள். ஷுகர்ஹில் கேங் அந்த ஊருக்கு வந்தபோது மேடைக்குப் பின்னால் போய் சில்வியாவிடம் பாடிக் காட்டி வாய்ப்பு வாங்கினார்கள். பெண் குழு ஒன்றின் முதல் ராப் இசைத்தட்டு அது. அமெரிக்காவின் தெற்கிலிருந்து ஹிப்-ஹாப் பதிவில் முதலில் வந்தவர்களும் பெண்கள்தான். அந்த மூவரில் ஒருவர் பிற்காலத்தில் சோல் இசைப் பாடகியாகப் பெயரெடுத்த ஆஞ்சி ஸ்டோன். 2025ல் சாலை விபத்தில் இறந்தார்.

1984. நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பு. யுடிஎஃப்ஓ என்ற குழு, தங்களை மதிக்காமல் போகும் ராக்ஸேன் என்ற பெண்ணைக் கிண்டலடித்து ஒரு பாட்டு வெளியிட்டிருந்தது. அந்தப் பெண்ணாகவே நின்று பதில் கொடுத்தாள் லொலீட்டா ஷான்டே குடன் என்ற 14 வயதுச் சிறுமி. துணி துவைக்கப் போகும் வழியில் அவளை நிறுத்தி, தயாரிப்பாளர் மார்லி மார்ல் தன் வீட்டில் பதிவு செய்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. எழுதி வைத்துக்கொள்ளாமல், நின்ற இடத்தில், ஒரே மூச்சில். ‘ராக்ஸேன்ஸ் ரிவெஞ்ச்’ வெளியானதும் நகரமே இரண்டுபட்டது. அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று டஜன் கணக்கில் தட்டுகள் வந்தன. தெருமுனையில் நேருக்கு நேர் நடந்த சொற்போர் இசைத்தட்டுகளுக்குள் இந்த அளவுக்குப் பரவியது அப்போதுதான். இரண்டு ராப்பர்கள் மோதிக்கொள்ளும்போது இன்று இணையம் கொந்தளிக்கிறதே, அந்தப் பழக்கத்துக்கு வழிபோட்டவள் பள்ளிப் பருவத்துப் பெண். ராக்ஸேன் ஷான்டே என்ற பெயரில் அவருக்கு 2025ல் கிராமி வாழ்நாள் சாதனை விருது கொடுத்தார்கள்.

1980களின் இறுதி பெண் ராப்புக்குச் செழிப்பான காலம். சால்ட்-என்-பெப்பா பாப் வெற்றியைக் காட்டினார்கள். ‘புஷ் இட்’ ஒலிக்காத ஊர் இல்லை. 1991ல் ‘லெட்ஸ் டாக் அபவுட் செக்ஸ்’ பாடி, பிறகு அதே மெட்டில் எய்ட்ஸ் பற்றி வரிகளை மாற்றிப் பாடினார்கள். எய்ட்ஸ் என்ற சொல்லையே பலர் வாயெடுத்துச் சொல்லக் கூசிய காலத்தில் அது பெரிய துணிச்சல். இவர்களுடைய டி.ஜே. ஸ்பின்டரெல்லாவும் பெண் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எம்.சி. லைட்டை நான் தனியாக நிறுத்திப் பேச விரும்புகிறேன். புரூக்ளின் பெண். 1988ல் வந்த அவருடைய ‘லைட் அஸ் எ ராக்’, பெண் ராப்பர் ஒருவர் தனியாக வெளியிட்ட முதல் முழு ஆல்பம் என்று அறியப்படுகிறது. அதில் சாம் என்ற காதலனைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. அவன் நேரத்தையும் பணத்தையும் வேறு யாரோ எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவள் சந்தேகப்படுகிறாள். யார் அந்தப் போட்டிக்காரி என்று தேடிப் போனால், அது பெண்ணே இல்லை, கிராக் என்ற போதைப்பொருள். நியூயார்க்கின் கறுப்பினக் குடியிருப்புகளை கிராக் சூறையாடிக்கொண்டிருந்த ஆண்டுகளில், அதை விற்பவன் பக்கமிருந்தும் வாங்குபவன் பக்கமிருந்தும் பாட்டு வந்தது. அவனைக் காதலித்தவள் பக்கமிருந்து பாட்டு எழுத ஒரு இளம்பெண் வேண்டியிருந்தது. குரலை உயர்த்தாமல், அழுகையில்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லும் அந்தத் தொனிதான் லைட்டின் கலை.

குயின் லத்தீஃபா 1989ல் ‘ஆல் ஹெய்ல் த குயின்’ ஆல்பத்தோடு வந்தார். லண்டன்காரி மோனி லவ்வுடன் பாடிய ‘லேடீஸ் ஃபர்ஸ்ட்’ வீடியோவில் சோஜர்னர் ட்ரூத், ஏஞ்சலா டேவிஸ், வின்னி மண்டேலா ஆகிய கறுப்பினப் பெண் போராளிகளின் படங்கள் வரும். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சி நீடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த நிலப்பரப்பின் வரைபடத்திலிருந்து வெள்ளை ஆட்சியாளர் பொம்மைகளை அவர் கையால் அகற்றுவார். 1993ல் ‘யூனிட்டி’. தெருவில் கைவைத்தவனைத் திரும்பி நின்று கேட்பது, அடிக்கும் காதலனை விட்டு வெளியேறுவது, பெண்களைக் கேவலமாக அழைக்கும் சொற்களை ராப் பாட்டுக்குள்ளேயே நின்று எதிர்ப்பது. அந்தப் பாட்டு அவருக்கு கிராமி வாங்கித் தந்தது.

அந்தச் சொற்கள் பாட்டோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. ‘பம்ப் இட் அப்!’ என்ற ராப் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய டீ பார்ன்ஸை 1991ல் ஒரு விருந்தில் ராப்பரும் தயாரிப்பாளருமான டாக்டர் டிரே தாக்கினார். நீதிமன்றத்தில் டிரே குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. டிரேயின் புகழ் வளர்ந்துகொண்டே போனது, பார்ன்ஸின் தொழில் முடங்கியது. டிரே இருந்த என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவைப் பற்றி 2015ல் வந்த படத்தில் இந்தச் சம்பவமே இல்லை. அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டி பார்ன்ஸே ஒரு கட்டுரை எழுதினார். அதன் பிறகுதான் டிரே பொதுவாக மன்னிப்புக் கேட்டார். பெண்கள் எப்படி வரலாற்றிலிருந்து காணாமல் போகிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் காட்டும் உதாரணம் இது.

1990களின் நடுவில் லில் கிம், ஃபாக்ஸி பிரவுன் இருவரும் வந்து, ஆசையைப் பற்றி ஆண் ராப்பர்கள் பேசுவதுபோலவே பச்சையாகப் பேசினார்கள். அது விடுதலையா, சந்தைக்கான சரக்கா என்ற சண்டை அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை. எழுத்தாளர் ஜோன் மார்கன் 1999ல் ‘ஹிப்-ஹாப் பெண்ணியம்’ என்ற பெயரில் இதைப் பேசினார்: தன்னை இழிவுபடுத்தும் பாட்டையே ரசிக்கிற பெண் என்ன செய்வாள் என்பதை நேர்மையாகக் கேட்ட எழுத்து அது.

லாரின் ஹில்லின் ‘த மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்’ 1998 ஆகஸ்டில் வந்தது. அடுத்த ஆண்டு ஒரே இரவில் 5 கிராமி. ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வென்ற முதல் ஹிப்-ஹாப் ஆல்பம் அது. ஆண்கள் யாரும் அதுவரை அங்கே போயிருக்கவில்லை.

மிஸ்ஸி எலியட் கதையில் என்னைத் தொந்தரவு செய்யும் ஒரு சம்பவம் உண்டு. 1993ல் ராவன்-சைமோன் என்ற குழந்தை நட்சத்திரத்துக்கு அவர் ஒரு பாட்டு எழுதி, அதில் தானே ராப்பும் செய்தார். வீடியோ வந்தபோது மிஸ்ஸியின் குரலுக்கு ஒல்லியான, வெளிர் நிறப் பெண் ஒருத்தி வாயசைத்தாள். திரையில் காட்டத் தகுந்த உடம்பு இவருக்கு இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ‘த ரெயின்’ வீடியோவில் மிஸ்ஸி தோன்றினார், காற்றடைத்த பிரம்மாண்டமான கறுப்பு உடையில், இருக்கிற உடம்பை இன்னும் நான்கு மடங்காக்கிக்கொண்டு. தயாரிப்பாளர் டிம்பலாண்டுடன் சேர்ந்து அவர் செய்த ‘சூப்பா டூப்பா ஃப்ளை’ (1997) ராப்பின் தாளத்தையே பிய்த்து மறுபடி கோத்தது. இடைவெளிகளும் தடுமாற்றங்களும் நிறைந்த, வெற்றிடமே வாத்தியமான தாளம். 2001ல் ‘கெட் உர் ஃப்ரீக் ஆன்’ பாட்டில் தும்பி என்ற பஞ்சாபி ஒற்றைத் தந்தி வாத்தியத்தின் மீட்டலை அமெரிக்க நடன அரங்குகளுக்குக் கொண்டுபோனார். தானே எழுதி, தானே தயாரித்து, மற்றவர்களுக்கும் ஹிட் கொடுத்தவர். எலெக்ட்ரா லேபிளின் தலைவராக இருந்த சில்வியா ரோன் அவருக்குச் சொந்தமாக ஒரு லேபிளே அமைத்துக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். டாமி பாய் லேபிளில் மோனிகா லின்ச், டெஃப் ஜாமில் கார்மென் ஆஷ்ஹர்ஸ்ட் என்று அலுவலக அறைகளில் இருந்து ஹிப்-ஹாப்பை நடத்திய பெண்களின் கதை தனியாகவே எழுத வேண்டிய ஒன்று.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் முதல் ராப் குழு நுழைந்தது 2007ல். பெண் ஹிப்-ஹாப் கலைஞராக முதன்முதலில் மிஸ்ஸி நுழைந்தது 2023ல். கிராமியில் பெண் ராப்பர்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று 2003லும் 2004லும் இருந்தது. இரண்டு முறையும் வென்றவர் மிஸ்ஸி. பிறகு பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஒரு சமயத்தில் ஒரு பெண்தான் உச்சியில் இருக்க முடியும் என்று இந்தத் தொழில் நீண்ட காலம் நடந்துகொண்டது. ரசிகர்களும் அதை நம்பி இருவரை மோதவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கார்டி பி, மெகன் தி ஸ்டாலியன், டோச்சி என்று ஒரே காலத்தில் பலர் கொடிகட்டிப் பறக்கும் இன்றைய நிலை அதனால்தான் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

நம் பக்கத்துக் கிளையையும் சொல்லிவிடுகிறேன். மாதங்கி அருள்பிரகாசம் என்கிற எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் மறுபடி லண்டனுக்கு அகதியாகப் போனவர். முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயர், இரண்டாவதற்கு அம்மா கலாவின் பெயர். அமெரிக்க விசா சிக்கலால் ‘கலா’வை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார், ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் அதிரும் உறுமி சென்னையில் பதிவானது. அதே ஆல்பத்தின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. சென்னையின் சோஃபியா அஷ்ரஃப் 2015ல் நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ மெட்டை எடுத்து, கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி ராப் செய்தார். பாட்டு உலகம் முழுக்கப் பரவியது, நிக்கியே பகிர்ந்தார். தொழிலாளர்கள் பல ஆண்டுகளாக நடத்திவந்த போராட்டத்துக்கு அது புதுக் கவனத்தைக் கொண்டுவந்தது. 2016ல் அந்த ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்றால், ‘தட்ஸ் த ஜாயின்ட்’, பிறகு ‘ராக்ஸேன்ஸ் ரிவெஞ்ச்’, பிறகு எம்.சி. லைட்டின் சாம் பாட்டு. இந்த மூன்றிலும் ஒலித்தரம் பழையதுதான். ஹெட்ஃபோனில் இரண்டாவது முறை கேட்கும்போது குரல் பிடிபடும். ‘யூனிட்டி’யை வீடியோவோடு பாருங்கள். லாரின் ஹில்லைத் தனிப் பாட்டாக எடுக்காமல் ஆல்பமாகவே கேளுங்கள், வகுப்பறைப் பேச்சுகள் உட்பட. மிஸ்ஸிக்கு நல்ல ஸ்பீக்கர் தேவை, பாஸ் இல்லாவிட்டால் பாதிப் பாட்டு போய்விடும். லில் கிம்மை மட்டும் வீட்டில் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.